கங்காணி இல்லாத வழி

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளை எப்படிக் கழிப்பது என்று காளியாயிக்குத் தெரியவில்லை. கை தேயிலைக் கொழுந்தில் இருந்ததே தவிர, கண் முழுவதும் கீழே தெரிந்த ரோட்டில் இருந்தது. டிக்கோயாவுக்குப் போன தோட்டத்து லொறி திரும்பி வருகிறதா, வந்தால் அதிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க, செடி நிரையிலிருந்து இரண்டு தடவை கழுத்தை நீட்டிவிட்டாள். மூன்றாவது தடவை நீட்டியபோது இராமையா கங்காணி பிடித்துக்கொண்டார்.

"ஏய் காளியாயி! கொழுந்தெடுக்குறியா, இல்ல ரோட்டுக்குக் காவல் நிக்கிறியா? கூடையக் காட்டு பாப்பம். அடேயப்பா, எல்லாம் முத்தல்! மாட்டுக்குப் போடவா எடுத்தே?"

"அவ எங்க கங்காணி கொழுந்த பாக்குறா? தன்னால முணுமுணுத்துக்கிட்டுல்ல நிக்கிறா" என்றாள் அடுத்த நிரையில் நின்ற ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

காளியாயி நிரையில் நின்று தனக்குத்தானே பேசுவது மலை முழுவதும் தெரிந்த விஷயம். வேறொரு நாளாக இருந்தால் சிரித்தவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அவளுடைய வாய்க்கு அவள் குடியிருக்கும் நாலாம் நம்பர் லயமே பயப்படும். இன்றைக்கு அந்த வாய் கிளம்பவில்லை. முத்தல் இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு ஹட்டனிலிருந்து போதகர் வந்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து வாங்கப்போகிற ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் போதகர் எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். அப்போது பக்கத்தில் நின்று, இவள் விசுவாசத்துக்கு நான் சாட்சி என்று சொல்ல வேண்டியவர், தோட்டத்தில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் குணரத்தினம். அந்த உபதேசியாரைத்தான் நேற்றுக் காலை, வயிற்று வலியில் துடிக்கத் துடிக்க, லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். தோட்டத்துத் துரையோடு நேரே பேசக்கூடாது. கூரைத் தகரம் ஒழுகுகிறதா, கங்காணியிடம் சொல். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு ருசித்திருந்தால் கண்டாக்கையாவிடம் சொல்வார். கண்டாக்கையா நேரம் பார்த்துத் துரையின் காதில் போடுவார். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும், அது வேறு கதை. காளியாயியின் முப்பது வருஷ வாழ்க்கையில் துரை அவளைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை 'தள்ளு' என்பதுதான். அதுவும் அவருடைய நாய்க்கு வழிவிடுவதற்காக.

இப்படி வளர்ந்தவள் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வானத்தில் ஒரு பெரிய பங்களா. அதில் எல்லாத் துரைக்கும் பெரிய துரை. உபதேசியார் அவருக்குக் கங்காணி. அவள் மனசில் இருந்த வரைபடம் அவ்வளவுதான். காய்ச்சலா, மாமியார் சண்டையா, அட்டைக் கடி புண்ணாகிவிட்டதா, நேரே உபதேசியாரிடம் போவாள். அவர் ஒரு நீல அட்டைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில், வேலை நாளில் கைக்குழந்தைகள் தூங்கும் ஏணைகளைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, ஐந்து குடும்பங்கள் தரையில் உட்காரும். உபதேசியார் கண்ணை மூடி, கொப்பியில் எழுதியதையெல்லாம் அழகான யாழ்ப்பாணத்துக் குரலில் ஒப்புவிப்பார். "உம்முடைய அடியாள் காளியாயி" என்று அதில் தன் பேர் வரும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மனு மேலே போய்விட்டது, இனிமேல் கவலையில்லை என்று எழுந்து வந்துவிடுவாள்.

"நீரும் கேக்கலாம் பிள்ளை, அவர் கேப்பார்" என்று உபதேசியார் பல தடவை சொல்லியிருக்கிறார். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இராமையா கங்காணியும்தான் 'ஏன், துரைகிட்ட நீயே போய்ச் சொல்லேன்' என்பார். அதைக் கேட்டு யாராவது பங்களாவுக்குப் போனதுண்டா?

ஆனால் உபதேசியாரை நம்பித்தான் வந்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். மூன்று வருஷத்துக்கு முன், பதினொரு மாதத்துப் பிள்ளை கக்குவான் இருமலில் இழுத்து இழுத்துச் செத்துப்போனது. வந்தவர்கள் எல்லாம் காரணம் சொன்னார்கள். ஒருத்தி நேர்த்திக்கடன் பாக்கி என்றாள், ஒருத்தி இவள் வாய்தான் பிள்ளையைத் தின்றது என்றாள். மூன்றாம் நாள், குடையை மடக்கிக்கொண்டு உபதேசியார் வந்தார். வாசலில் வெறும் தரையில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்து ஆள், லயத்துக் குவளையில் கொடுத்த சாயத்தண்ணியை வாங்கி மறுக்காமல் குடித்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. எழுந்து போகும்போதுதான் ஒரு கதை சொன்னார். சாவு விழுந்த வீட்டுக்கு இயேசு பிந்தி வந்த கதை. செத்தவனின் அக்காக்காரி வீட்டில் உட்கார்ந்திருக்காமல் ரோட்டுக்கே ஓடிப்போய், நீ நேரத்தோடு வந்திருந்தால் என் தம்பி செத்திருப்பானா என்று முகத்துக்கு நேரே கேட்டாளாம். அவர் அவளை ஏசவில்லையாம். கல்லறைக்குப் போகிற வழியில் அவரும் அழுதாராம்.

காளியாயி அந்த வாரமே பிள்ளைக்காம்பராவுக்குப் போய் உட்கார்ந்தாள்.

இப்போது உபதேசியார் படுத்துவிட்டார். அவருக்காக மேலே சொல்ல யார் இருக்கிறார்கள்? அவர் போய்விட்டால் இவளுக்கு யார்? இந்த இரண்டு கேள்வியும் அவளை நிற்கவிடாமல் நடக்கவிடாமல் பிடுங்கித் தின்றன. அதற்குள்ளே மூன்றாவதாக ஒன்று கிளம்பி மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது: உபதேசியார் இல்லாத இடத்தில் தனக்கு விசுவாசம் என்று ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போய்த் தலையைக் குனிவது பொய். காளியாயி சண்டைக்காரிதான், வாயாடிதான். பொய்க்காரி இல்லை.

வியாழக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறினாள். இராஜகுமாரி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் யாழ்ப்பாணம், அவரும் வேதக்காரர், அதோடு ஆர்மோனியம் வேறு வாசிப்பார். மேலிடத்தில் செல்வாக்கு இல்லாமலா இருக்கும்?

"டீச்சரம்மா, உபதேசியாரய்யாவுக்காக மேல ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. நீங்க சொன்னா எடுபடும்."

"மேலயெண்டால்? தோட்டத்து ஒஃபிசிலயோ?"

"ஆண்டவருகிட்டம்மா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் செபிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். நீங்களும் கேளுங்கோவன் காளியாயி. உங்கட குரல் அவருக்குக் கேளாதோ?"

ஆபீஸ் ஜன்னலில் 'நாளைக்கு வா' என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இறங்குகிற வழியெல்லாம் டீச்சரையும் ஆர்மோனியத்தையும் சேர்த்து ஏசிக்கொண்டே வந்தாள்.

வளைவில் அவள் புருஷன் அழகன் இடுப்பளவு குழிக்குள் நின்றான். அவனுக்குக் கல்லுக்கட்டு வேலை. போன வாரத்து மழையில் ரோட்டோரக் கட்டு பத்து முழம் சரிந்துபோயிருந்தது. அழகன் வேதத்துக்கு வரவில்லை. அவளைத் தடுக்கவும் இல்லை. நக்கலுக்கு மட்டும் குறைச்சல் வைக்கமாட்டான்.

"என்ன புள்ள, மலையில தன்னால பேசுறியாமே? கங்காணி சொல்றாரு. யாருகூட சண்டை?"

"என் தலவிதி கூட. நீங்க என்ன இன்னும் குழிக்குள்ள நிக்கிறீங்க? மணி அஞ்சாச்சு."

"இத முன்னாடி கட்டுனவன் அடிய பாக்கல. அவனுக்கு முன்னாடி எவனோ போட்ட கல்லு கெடந்துச்சு, அது மேலயே ஏத்திட்டுப் போயிட்டான். அது நவுந்துச்சு, இதுவும் போச்சு." அலவாங்கை ஓங்கிக் குத்தினான். பொதுக்கென்று உள்ளே போனது. "பாத்தியா, இன்னும் மண்ணுதான். ணங்குன்னு கேக்குற வரைக்கும் நான் ஒரு கல்லு வைக்க மாட்டேன்."

அந்தப் பேச்சு காளியாயிக்கு ஏனோ பிடிக்கவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்துவிட்டாள்.

சனிக்கிழமை அரைப் பேர், அரைநாள் கூலி, போனாலும் போகட்டும் என்று மத்தியானமே மலையைவிட்டு இறங்கினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டிக்கோயாவுக்கு நடந்தாள். தூறல் விட்டு விட்டு வந்தது. உபதேசியாரைப் பார்ப்பது, கொப்பியில் எழுதவைப்பது, அங்கேயே அவரை ஒரு ஜெபம் பண்ணவைப்பது, திரும்புவது. வழி முழுவதும் இதையே மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். நான்கு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். சவரம் செய்யாத முகத்தில் நரை முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி போட்ட சட்டையோடு நிற்கிற மனுஷன் இவர்தானா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது.

"வந்தனீரோ பிள்ளை? திங்கக்கிழமை வயித்தை வெட்டப் போகினம்."

"எல்லாம் நல்லபடியா முடியுங்கய்யா. ஐயா, கொப்பி வச்சிருக்கீங்களா? நாளைக்குப் போதகரய்யா வாறாரு. எனக்குக் கேள்விக்கு பதில் வரணும்னு ஒரு வார்த்தை எழுதிக்குங்க. அப்படியே ஒங்க ஒடம்புக்கும் ஒண்ணு எழுதிக்குங்க. எழுதி, இப்பவே மேல சொல்லிருங்க."

உபதேசியார் தலையணைக்கு அடியிலிருந்து நீலக் கொப்பியை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவளிடம் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வெறும் தாள் என்பது யாருக்கும் தெரியும்.

"வந்த நாளிலை இருந்து ஒண்டும் எழுதேல்லை. கண்ணை மூடினால் பயம்தான் வருகுது. ஊருக்கெல்லாம் செபிச்ச வாய், எனக்கெண்டு ஒரு வார்த்தை வருகுதில்லை." அவர் கொப்பியை மூடினார். "நீர் எனக்காகச் செபியும், பிள்ளை."

காளியாயிக்குப் பொறி கலங்கிவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிற ஆளிடம் கங்காணி வந்து, எனக்காக நீ போய்த் துரையிடம் சொல் என்றால் எப்படி இருக்கும்? முதலில் பயந்தாள். பிறகு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்கய்யா பேசுறீங்க? எங்க மாமியா மூணு மாசம் என்கூடப் பேசல. லயமே சிரிச்சுச்சு. எல்லாத்தையும் தொலையட்டும்னு விட்டுட்டு ஒங்க பின்னாடி வந்தேன். இப்ப நீங்களே பயந்தா நான் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"என்னைப் பிடிச்சுக்கொண்டு நில்லும் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லையே, பிள்ளை" என்றார் உபதேசியார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

அவள் ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ரோட்டில் ஹட்டன் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. வளைவு வரைக்கும் நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். நாளைக்கு வரமாட்டேன் என்று போதகருக்குச் சொல்லியனுப்பிவிடலாம். மாமியார் சந்தோஷப்படுவாள். லயம் இன்னொரு தடவை சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். கடைசியில் கால் ஓய்ந்து ஒரு மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். தலையில் போட்டிருந்த கொங்காணியில் தூறல் சொட்டியது.

உபதேசியாரின் குரலை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கொப்பியை எடுத்துவிட்டால்? கஞ்சி போட்ட சட்டையை எடுத்துவிட்டால்? ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. ஆனாலும் விடாமல் தோண்டினாள். அந்த மூன்றாம் நாள், வாசலில் அவர் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அந்த அக்காக்காரி ரோட்டுக்கு ஓடியபோது அவளுக்கு எந்தக் கங்காணி முன்னால் போனான்? யார் கொப்பியில் எழுதினார்கள்? அவளேதான் போனாள். போய் வாய்க்கு வந்தபடி கேட்டாள். காளியாயி மாதிரியே வாயாடி போலிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. மூன்று வருஷமாக நிரையில் நின்று முணுமுணுக்கிறாளே, யாரோடு முணுமுணுக்கிறாள்? தலைவிதியோடு என்று அழகனிடம் சொன்னது சும்மா வாய்க்கு வந்தது. தலைவிதியைப் பார்த்து யாராவது 'அன்னைக்கு நீ எங்க போயிருந்தே' என்று கேட்பார்களா? 'நீயும் அழுதியாமே, அப்ப எம்புள்ளைக்கும் அழுதியா' என்று கேட்பார்களா? தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மழையில் கேட்டாள், வெயிலில் கேட்டாள், கூடையைக் கொட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கேட்டாள். உபதேசியார் வழியாகப் போகாததால் அதை ஜெபம் என்று அவள் கணக்கில் சேர்க்கவேயில்லை. உபதேசியாருக்குத் தெரியாத இடத்தில், அவர் குரல் எட்டாத மலையில், அவளும் ஆண்டவரும் தனியாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பார்வை நேரம் முடிகிற சமயம். வாசலில் தடுத்த தாதியிடம், கொஞ்சம் பொறுங்கள் நோனா என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சிவிட்டு உள்ளே போனாள். உபதேசியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவள் கட்டில் காலோரம் நின்றாள். பெரட்டில் பேர் கொடுக்கும்போது நிற்பதுபோல் நேராக நின்று, கண்ணையும் மூடாமல் ஆரம்பித்தாள்.

"சாமி, நான் காளியாயி. நாலாம் நம்பர் லயம், ஏழாவது காம்பரா. ஒனக்குத் தெரியும். மூணு வருசமா ஒன்ன ஏசிக்கிட்டிருக்கேன். எம்புள்ள சாகையில நீ எங்க போயிருந்தேன்னு கேட்டேன், நீ இன்னும் பதில் சொல்லல. அது அப்படியே கெடக்கட்டும், நான் இப்ப அதுக்கு வரல. இந்த மனுசன் பயந்து போயிக் கெடக்காரு. யாருமே காரணம் சொல்லாம ஒக்காராத எங்க வாசல்ல சும்மா வந்து ஒக்காந்தவரு. இவர ஒத்தையில விட்டுறாத. வயித்த வெட்டையில கிட்டவே நில்லு. அவ்வளவுதான். நான் போயிட்டு வாறேன்."

எப்படி முடிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர்ப் பக்கமிருந்து, கரகரத்த குரலில், "ஆமென்" என்று வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிங்களப் பெரியவர், என்ன ஏது என்று விளங்காமலே, தானும் கைகளைக் குவித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் ஏணைகளைச் சுருட்டிக் கட்டியவள் காளியாயி. போதகர் நனைந்த குடையோடு வந்தார். உபதேசியார் இல்லாததால் ஐந்து குடும்பமும் திருதிருவென்று விழித்தது. இராஜகுமாரி டீச்சர் ஒரு பாட்டை ஆரம்பித்துச் சமாளித்தார். பிறகு போதகர் காளியாயியை முன்னால் அழைத்தார்.

"உனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நீயே சொல்லம்மா. யாரை நம்பி வந்தாய்?"

எல்லாரும் ஒரே பதிலைத்தான் எதிர்பார்த்தார்கள். இயேசுவை நம்பி என்று வினாவிடைப் புத்தகத்தில் இருக்கிற பதில். காளியாயி அதைச் சொல்லவில்லை.

"உபதேசியாரய்யாவ நம்பித்தாங்க வந்தேன்" என்றாள். டீச்சர் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தார். "நேத்துப் போய்ப் பாத்தா அவரும் என்னைய மாதிரி பயந்துக்கிட்டிருக்காரு. எனக்குக் கோவம் வந்திருச்சு. அப்புறந்தான் பாத்தேன், அவருக்குப் பின்னாடி ஒருத்தரு நிக்கிறாரு. அவரு மொதல்ல இருந்தே நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. இப்ப அவர நம்பி நிக்கிறேங்கய்யா."

போதகர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார். தண்ணீர் தலையில் விழுந்தபோது குளிர் பிடரி வரைக்கும் இறங்கியது.

அழகன் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவளோடு வீட்டுக்கு நடந்தான். சரிந்த கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"ஏ புள்ள, நாளைக்கு வெட்டுறது சரியா வரலைன்னா என்ன செய்வே?"

அந்தக் கேள்வி அவளிடம் இல்லாமலில்லை. "அழுவேன்" என்றாள்.

"அழுதுட்டு?"

"அவருகிட்டத்தான் போவேன். சண்டை புடிக்கவாவது போவேன்."

அழகன் குழிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தான்.